ஏறுமுன் இறங்கி நடப்போம்

நம் பங்குகளில் இளைஞர் இருவர் மூவர் கூடினால், பேச்சு மோட்டார் வாகனத்தில் தொடங்கி மலைப்பயணத்தில் முடிகிறது. முன்பெல்லாம் மலைக்குப் போவதென்றால் பேருந்தில் ஏறி, சாளரத்தின் வழியே பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். இன்றோ தார்ச்சாலை முடிகின்ற இடமே பலருக்குப் பயணம் தொடங்குகின்ற இடமாகிவிட்டது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப்பை எடுத்துக்கொண்டு, நண்பன் ஒருவனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத மண்தடங்களில் ஏறிப் பார்க்கும் ஆவல் நம் குடும்பங்களுக்குள்ளும் வந்துவிட்டது. பிள்ளைகளை அனுப்பலாமா, கூடாதா என்று பெற்றோர் கலங்குகின்றனர்.

ஆவல் தீயதன்று. மலையின் அழகைத் தேடிப் போகும் மனம் நல்ல மனமே. ஆயினும் எந்த வண்டியில் போகிறோம் என்பதைக் காட்டிலும், யாருடைய வழியில் போகிறோம் என்பதை அறிந்து போவது முக்கியம். நம் அருகிலுள்ள கொல்லிமலையை வைத்தே இதனைச் சிந்திப்போம்.

பதினான்கு நாடுகளின் மலை

நாமக்கல் மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக எழுந்து நிற்பது கொல்லிமலை. அதன் மேற்பரப்பு கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில் உள்ளது. வில்லாண்மையில் பெயர் பெற்ற வல்வில் ஓரி ஆண்ட மலை என்றும், காண்போரை மயக்கும் கொல்லிப்பாவை வாழ்ந்த மலை என்றும் சங்க இலக்கியம் இதனைப் போற்றுகிறது. மலைமேல் வாழும் மக்களுள் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைக் கேட்டு இவர்களைக் கேரளத்தாரென எண்ண வேண்டாம்; இவர்களுடைய தாய்மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

இம்மலையில் ஊர்களை 'நாடு' என்ற பெயரால் பகுத்து வழங்குவர். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, திண்ணனூர் நாடு எனப் பதினான்கு நாடுகள் உள்ளன. ஒவ்வொரு நாட்டிலும் குன்றுக்கு ஒன்றாய், சரிவுக்கு ஒன்றாய்ச் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதைச் சுற்றுலா வருவோர் யாவரும் எண்ணிப் பார்த்திருப்பர். ஆனால் அந்தச் சாலையிலிருந்து பிரிந்து, காப்பித் தோட்டங்களுக்கும் மரவள்ளிக் காடுகளுக்கும் நடுவே வளைந்து செல்லும் மண்தடங்களை எண்ணியவர் இல்லை. அவற்றுள் பல, மக்களின் காலடி பட்டுப் பட்டு உண்டான ஒற்றையடிப் பாதைகள். பின்னர் விளைபொருள் ஏற்றுவதற்காகச் சற்றே அகலப்படுத்தப்பட்டவை. எந்தத் தடம் எங்கே போகும், எது பாதியில் பாறையில் முட்டி நிற்கும் என்பதை அவ்வூரார் மட்டுமே அறிவர்.

ஜீப் பிறந்த கதை

இத்தகைய தடங்களில் ஏறுவதற்கென்றே பிறந்ததோ என்று எண்ணத் தோன்றும் ஜீப், உண்மையில் போருக்காகப் பிறந்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்த 1940-ஆம் ஆண்டில், சாலை இல்லாத இடத்திலும் ஓடக்கூடிய ஓர் எளிய வண்டி வேண்டுமென்று அமெரிக்க இராணுவம் 135 நிறுவனங்களைக் கேட்டது. முதல் மாதிரியைச் செய்து தர அது கொடுத்த கெடு 49 நாட்கள்! பாண்டம் என்னும் சிறிய நிறுவனமே முதலில் செய்து கொடுத்தது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் போர் முடிவதற்குள் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. நம் நாட்டில் 1945-இல் தொடங்கப்பெற்று, பின்னர் மகிந்திரா அண்டு மகிந்திரா எனப் பெயர் மாறிய நிறுவனம், வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது. அதன் பின்னர் காவல்துறை, வனத்துறை, பொதுப்பணித்துறை, தேயிலைத் தோட்டம் என எங்கும் ஜீப் பரவியது. போர்க்களத்துக்கென வந்த வண்டி மலைநாட்டு மக்களின் சுமையையும் சுமந்தது. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து இன்றும் ஜீப் ஒன்றே ஏற்ற வாகனமாக இருப்பதை அங்குச் சென்றோர் அறிவர்.

'ஃபோர் வீல்' என்பது மந்திரக்கோல் அன்று

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி எங்கும் ஏறும் என்பது இளைஞர் பலரின் நம்பிக்கை. அந்த இயந்திரத்தின் அமைப்பைச் சிறிது தெரிந்துகொண்டால் அந்த நம்பிக்கை அளவோடு நிற்கும்.

சாதாரணக் காரில் இயந்திரத்தின் ஆற்றல் இரண்டு சக்கரங்களுக்கே செல்கிறது. ஜீப்பிலோ கியர்ப்பெட்டிக்கு அடுத்தாற்போல் இன்னொரு பெட்டி உண்டு. ஓட்டுநர் 'ஃபோர் வீல்' போட்டவுடன் அப்பெட்டி முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் ஆற்றலைப் பகிர்ந்தளிக்கிறது. 'லோ' என்னும் தாழ்நிலையில் போட்டால் வேகம் குறைந்து இழுவை பெருகும். செங்குத்தான மேட்டில் நடைவேகத்தில் ஏறவும், அதே நிதானத்தோடு இறங்கவும் உதவுவது இதுவே.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைக் காட்டிலும் அதிகத் தொலைவு ஓடவேண்டும். அதற்கு இடங்கொடுக்கவே ஒவ்வோர் அச்சின் நடுவிலும் டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கரத் தொகுதி உள்ளது. சமதரையில் நன்மை செய்யும் இதே அமைப்பு, கரடுமுரடான தடத்தில் கைவிட்டுவிடும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினாலோ, பள்ளத்தின் மேல் அந்தரத்தில் தொங்கினாலோ, அந்த அச்சுக்கு வந்த ஆற்றலெல்லாம் அச்சக்கரத்தின் வழியே வீணாய்ச் சுழன்று போகும்; தரையில் ஊன்றி நிற்கும் மற்றச் சக்கரம் அசையாமல் நிற்கும். முன்பக்கம் இடச்சக்கரமும் பின்பக்கம் வலச்சக்கரமும் ஒருசேரப் பிடியிழந்தால், நான்கு சக்கர இழுவை என்ற பெயர் மட்டுமே எஞ்சும். இதனைத் தடுக்கும் பூட்டு சில வண்டிகளில் உண்டு. எல்லா வண்டிகளிலும் இல்லை.

ஏறுவதைக் காட்டிலும் இறங்குவது கடினம். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எந்தக் கியரில் ஏறினோமோ அதைவிட மேலான கியரில் இறங்கக் கூடாது என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதன் காரணம் இதுவே. இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். பிரேக் அதற்குத் துணையாக இருந்தால் போதும்.

திண்ணனூர் நாட்டுத் தடத்தில் ஒரு நாள்

என் பள்ளித் தோழர் ஒருவர் இராசிபுரம் பக்கத்தில் மஞ்சள் பயிரிடும் உழவர். பழைய டீசல் ஜீப் ஒன்றைப் பிள்ளையைப் போல் பேணி வருபவர். மழைக்காலம் கழிந்த ஒரு தை மாதத்தில் அவரோடு திண்ணனூர் நாட்டுப் பக்கம் போக வாய்த்தது. தார்ச்சாலையை விட்டுப் பிரிந்த ஒரு தடத்தைக் கண்டதும், "இது எங்கே போகிறதென்று பார்ப்போமா, சாமி?" என்றார். பார்ப்போம் என்றேன்.

தடத்தின் இருமருங்கிலும் சில்வர் ஓக் மரங்கள் வானளாவி நின்றன. அவற்றைத் தழுவி மிளகுக்கொடிகள் ஏறியிருந்தன. கீழே காப்பிச் செடிகளின் நிழல். இடையிடையே சரிவை வெட்டித் திருத்திய படிவயல்கள். பத்து நிமிடத்தில் நடந்து கடக்கக்கூடிய தொலைவை நாங்கள் கடக்க அரைமணி நேரம் ஆயிற்று. காரணம், என் தோழரின் பழக்கம். கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் வண்டியை நிறுத்திவிடுவார். நான் இறங்கி முன்னே நடந்து பார்த்துத் திரும்பி வந்து சொல்லிய பிறகே வண்டி நகரும். பெரிய கற்கள் கிடந்த இடத்தில் நான் முன்னே நின்று கையசைக்க, அவர் என் கையை மட்டுமே பார்த்து ஓட்டினார். "ஓட்டுகிறவனுக்குத் தன் சக்கரம் தெரியாது சாமி, கீழே நிற்கிறவனுக்குத்தான் தெரியும்" என்பது அவருடைய சித்தாந்தம்.

அங்ஙனம் சென்ற ஓரிடத்தில், தடத்தின் நடுவே முழங்கால் ஆழத்தில் நீண்ட பள்ளம் ஒன்று குறுக்கிட்டது. மழைநீர் அரித்த பள்ளம்தான். எனினும் அதன் இரு ஓரங்களிலும் அகன்ற டயர்களின் பல்தடங்கள் உலர்ந்து இறுகிக் கிடந்தன. அப்போது மரவள்ளிக் கிழங்கு மூட்டையைத் தலையில் சுமந்து முதியவர் ஒருவர் இறங்கி வந்தார். பள்ளத்தின் விளிம்பில் கால் வைக்குமுன் அவர் தடுமாறியதைக் கண்டு என் தோழர் ஓடிச்சென்று மூட்டையைத் தாங்கினார்.

மூச்சு வாங்கியபின் அவர் சொன்ன செய்தி இது: மழை நாட்களில் வெளியூர்ப் பிள்ளைகள் சிலர் பெரிய வண்டிகளில் வந்தார்கள். சேற்றில் சக்கரங்கள் வழுக்க வழுக்க, முறுக்கி முறுக்கி ஏறினார்கள், கைதட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள். சக்கரம் கீறிய இரு கோடுகளில் அடுத்த மழை ஓடியது. அதற்கடுத்த மழையில் கோடு பள்ளமாயிற்று. ஊரில் யாருக்கேனும் உடம்புக்கு முடியாமற் போனால் தூளி கட்டி இந்த வழியாகத்தான் தார்ச்சாலைக்குத் தூக்கி வரவேண்டும். தூக்குகிறவர்களுக்கு இப்போது இந்த இடத்தில் கால் ஊன்ற வழியில்லை.

அவர் கோபமாகப் பேசவில்லை. "நீங்க ஒரு நாளைக்கு வந்து போறீங்க, சாமி. நாங்க அன்னாடம் இதுலதானே நடக்கணும்?" என்று மட்டும் கேட்டார். மேலே தடம் எப்படி என்று என் தோழர் வினவ, அடுத்த திருப்பத்தில் பாதி வழி சரிந்துவிட்டதென்றும், அங்கே வண்டியைத் திருப்ப இடமில்லை என்றும் சொன்னார்.

என் தோழர் வேறு எதுவும் பேசவில்லை. நான் பின்னால் நின்று வழிகாட்ட, அகலமான இடம் வரும்வரை வண்டியை மெல்ல மெல்லப் பின்னோக்கியே இறக்கினார். பின்னர் வண்டியில் இருந்த மண்வெட்டியையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு நடந்தோம். ஊர்ப் பிள்ளைகள் இருவரும் வந்து சேர்ந்தனர். பள்ளத்தில் பெருங்கற்களை அடுக்கி, இடுக்கில் சிறுகற்களை நிரப்பி, மேலே மண்ணிட்டு, நீர் ஒருபுறமாய் வழிந்தோடச் சிறு வாய்க்கால் ஒன்றும் வெட்டினோம். வெயில் சாயும் வரை வேலை இருந்தது. நால்வர் தூளி தூக்கி நடக்கும் அளவுக்கு அந்த இடம் சீராயிற்று. அந்தத் தடம் எங்கே போகிறதென்று நாங்கள் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் அது எதற்காக இருக்கிறதென்று தெரிந்துகொண்டோம்.

நடந்து அறிந்தவர்கள்

இதே கொல்லிமலைக்கு ஏறத்தாழ நூற்றுப்பத்து ஆண்டுகளுக்கு முன்னர், ஜீப் என்ற சொல்லே பிறவாத காலத்தில், ஆங்கிலேயத் தம்பதியர் இருவர் வந்தனர். ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்போர் அவர்கள். நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர், பாப்திஸ்து சபையினர். ஆயினும் கிறிஸ்துவின் அன்புக்கு அவர்கள் தந்த சான்றை நாம் மதியாமல் இருக்க முடியாது. வாழவந்தியில் வீடமைத்துத் தங்கி, ஊர் ஊராய் நடந்தும் மட்டக்குதிரையில் ஏறியும் நோயுற்றோரைத் தேடிச் சென்றனர். நரம்புச் சிலந்தி நோயால் வருந்தியவர்களுக்கு மருத்துவம் செய்ததோடு, அந்நோய் பரவும் நீர்நிலைகளைத் தூய்மையாக வைக்கவும் கற்றுக்கொடுத்தனர். 1929-இல் மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலுக்கு ஜெஸ்ஸி பலியானார். எவலினோ மலையை மறக்கவில்லை. ஓய்வுபெறும் வயது கடந்த பின்னரும் மலைவாழ் மக்களிடையே பணிக்குத் திரும்பினார். கால்கள் தளர்ந்த நிலையிலும் இரு கோல்களை ஊன்றியும் குதிரையில் அமர்ந்தும் மலையூர்களுக்குச் சென்ற அம்மூதாட்டி, 1974-இல் தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார். தொழுநோயாளரின் மடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்திப் புகழ்பெற்ற வேலூர் மருத்துவர் பால் பிராண்ட், 1914-இல் பிறந்த இவர்களுடைய மகனே ஆவார்.

அறியாத மலைத்தடங்களைத் தேடிப் போனவர்களுள் இவர்களை விஞ்சியவர் யார்? அத்தடத்தின் முடிவில் ஒரு மனிதர் இருக்கிறார் என்ற எண்ணமே இவர்களை நடத்திச் சென்றது.

அந்த எண்ணம் இன்றும் தேவைப்படுகிறது. கொல்லிமலைக்கு அருகே இராசிபுரம் பக்கத்தில் போதமலை உள்ளது. அதன் மேலுள்ள சிற்றூர்களுக்கு 2021 சட்டமன்றத் தேர்தலின்போதும் வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தலைச்சுமையாகவே கொண்டு சென்றனர். சாலை அமைக்கும் பணி அதன் பின்னரே தொடங்கிற்று. 2008 முதல் நம் மாநிலத்தில் ஓடும் 108 ஆம்புலன்ஸ் ஊர்திகளுள் மலைப்பகுதிகளுக்கென நான்கு சக்கர இழுவை கொண்டவையும் உண்டு. ஒரு தடம் கெட்டுப்போனால் அந்த ஊர்தி ஏற இயலாது. நமக்கு விளையாட்டாகத் தோன்றும் மண்தடம், வேறொரு வீட்டில் பேறுகாலத் தாய்க்கு உயிர்வழியாக இருக்கலாம்.

காடும் சட்டமும்

மலைத்தடங்கள் பல காப்புக்காடுகளின் ஊடே செல்கின்றன. அங்கே அனுமதியின்றி நுழைவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டப்படி குற்றம். இது வெறும் கெடுபிடி அன்று. 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில், மலையேற்றத்துக்குச் சென்றவர்களுள் 23 பேர் உயிரிழந்ததை நாம் மறக்கலாகாது. அவர்கள் வண்டியில் சென்றவர்கள் அல்லர், நடந்து சென்றவர்கள். ஆயினும் பாடம் ஒன்றே. கோடையில் காய்ந்த போதைப்புல் தீப்பற்றினால், காற்றின் வேகத்தில் அது மலைமேல் ஏறும். மேட்டை நோக்கி ஓடுவோரைத் தீ முந்திவிடும். யார் எந்த வழியில் சென்றிருக்கிறார் என்பது வனத்துறைக்குத் தெரிந்திருந்தால்தான் எச்சரிக்கவும் முடியும், மீட்கவும் முடியும்.

வண்டியைத் தம் விருப்பம்போல் மாற்றியமைப்போரும் உளர். தயாரிப்பாளர் அமைத்துப் பதிவு செய்யப்பெற்ற அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாதென்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியுள்ளது.

புறப்படுவோர் கவனத்திற்கு

நம் இளைஞர்கள் மலைக்குப் போகட்டும், தடைசொல்ல வேண்டாம். ஆனால் சிலவற்றைக் கடைப்பிடித்துப் போகட்டும்.

தனியே போகலாகாது. இயலுமானால் இரண்டு வண்டிகளாகப் போவது நன்று. ஒன்று சிக்கினால் மற்றது இழுக்கும். 1955-ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை தரைவழியே மோட்டாரில் சென்ற ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர் அறுவர், இரண்டு லேண்ட் ரோவர் வண்டிகளில் சென்றே ஆறு மாதப் பயணத்தை முடித்தனர்.

எந்த மலை, எந்த வழி, எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் எழுதிவைத்துப் போகவேண்டும். மலைமேல் கைப்பேசி எல்லா இடத்திலும் பேசாது.

ஊராரைக் கேட்காமல் எந்தத் தடத்திலும் ஏறலாகாது. "போகலாமா?" என்று மட்டும் கேட்டால் போதாது, "வண்டியைத் திருப்ப இடம் உண்டா?" என்றும் கேட்கவேண்டும். மழை பெய்த தடத்தில், அது உலரும்வரை சக்கரம் படாதிருத்தல் நலம். மாலை இருட்டுமுன் தார்ச்சாலைக்கு வந்துவிட வேண்டும்.

ஓடையைக் கடக்குமுன் ஒருவர் கோலூன்றி ஆழம் பார்க்கவேண்டும். நீர் கலங்கியும் விரைந்தும் ஓடினால் ஆழம் பார்க்கவும் இறங்க வேண்டாம்; திரும்பிவிட வேண்டும். நம் தலைக்குமேல் வானம் வெளுத்திருந்தாலும், மேல்மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் ஓடையை வெள்ளமாக்கும். இயந்திரத்துக்குள் நீர் புகுந்து வண்டி நின்றுவிட்டால் மீண்டும் அதனை முடுக்க முயல்வது இயந்திரத்தையே முறித்துவிடும்.

மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை. இறங்குபவர் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது நம் சாலைவிதி. மண்தடத்தில் தலைச்சுமையோடு நடந்து வருபவருக்கு இவ்விரு வண்டிகளும் வழிவிட வேண்டும் என்பதை நான் சேர்த்துக்கொள்கிறேன்.

துணைக்கு வரும் நண்பன் யார் என்பதும் முக்கியம். "ஏறு, ஏறு" என்று உசுப்பிவிடுபவன் மலைக்கு ஏற்ற நண்பன் அல்லன். வண்டியை விட்டு இறங்கி முன்னே நடந்து, "இதற்குமேல் வேண்டாம்" என்று சொல்லக்கூடியவனே மலைக்கு ஏற்ற நண்பன். அவன் சொல்லைக் கேட்டு வண்டியைத் திருப்பத் தெரிந்தவனே நல்ல ஓட்டுநன். திரும்பி வருவதில் இழிவு ஏதும் இல்லை. மலை அங்கேயேதான் இருக்கும், மறுமுறை போகலாம்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை மலைக்குப் புறப்படும்போது கயிறு, மண்வெட்டி, குடிநீர், முதலுதவிப் பெட்டி ஆகியவை வண்டியில் உள்ளனவா என்று பாருங்கள். அந்த மண்வெட்டி சிக்கிய சக்கரத்தை மீட்பதற்கு மட்டுமன்று, கெட்டுப்போன தடத்தைச் செப்பனிடுவதற்கும் உதவும் என்பதைச் சொல்லி அனுப்புங்கள்.